சோறு பாதி, பயறும் காயும் மீதி

ஈரோடு பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தால், மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரே விளம்பரம் கண்ணில் படும்: மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்பு. பவானி, பள்ளிபாளையம், பெருந்துறை, கோபி என்று எந்த ஊருக்குப் போனாலும் இதே நோட்டீஸ்தான். ஒட்டுகிறவர்கள் மீது எனக்குக் குறையில்லை. இத்தனை நோட்டீஸுக்கும் ஆள் கிடைக்கிறார்களே என்பதுதான் கவலை. முக்கி முக்கி வெளிக்குப் போவதை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பலர் வெளியே சொல்கிறார்கள். அப்போதும் முதலில் தேடுவது ஊசியையும் களிம்பையும்தான். ஆரம்ப நிலை மூலத்துக்கு மருத்துவ நூல்கள் முதலில் சொல்வது நார்ச்சத்தும் தண்ணீரும். நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, மூலத்தில் ரத்தம் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

ஆனால் மலச்சிக்கலுக்கு மருந்து என்ற அளவிலேயே நார்ச்சத்தை நிறுத்திவிடுகிறோம். அதனால் "எனக்கு அந்தத் தொந்தரவே இல்லீங்க" என்பவர்கள் இந்தப் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. சர்க்கரை, கொழுப்பு, எடை மூன்றிலும் நார்ச்சத்துக்குப் பங்கு உண்டு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டின் விகிதம் தேசியச் சராசரியைவிடக் கூடுதல். அதனால் வயிறு நன்றாக இருக்கிறவர்களும் தொடர்ந்து படியுங்கள்.

நார்ச்சத்து என்பது தாவர உணவில் நம் குடலால் செரிக்க முடியாத பகுதி. செரிக்காததைத் தின்று என்ன லாபம் என்று கேட்கலாம். லாபமே அதில்தான். ஒரு வகை தண்ணீரில் கரையும். கொள்ளு, தட்டைப்பயறு, வெண்டைக்காய், கொய்யா போன்றவற்றில் இது உண்டு. வயிற்றுக்குள் போனதும் கொழகொழவென்று ஆகி, உணவை மெதுவாக நகர விடும். அதனால் சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகம் தணியும். குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளுவதும் இந்த வகைதான். இழந்த பித்தத்தை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். லேப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்று வருமே, அது குறைவது இப்படித்தான். இன்னொரு வகை கரையாது. தானியத்தின் தவிடு, பயற்றின் தோல், கீரைத் தண்டு ஆகியவற்றில் இருக்கும். தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு மலத்தைப் பருமனாக்கி, மிருதுவாக வெளியேற்றும்.

மூன்றாவதாக ஒரு வேலை நடக்கிறது. நாம் செரிக்காமல் விட்டதைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். ஆகவே நார்ச்சத்து குறைந்தால் குடலின் சுவரே பட்டினி கிடக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. நார்ச்சத்தைக் குறைவாக உண்பவர்களைவிட நிறைய உண்பவர்களுக்கு இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் உண்டவர்களிடம் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உணவுக்கு 30 கிராம் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் வீட்டில் எவ்வளவு தேறுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் குவித்த வெள்ளைச் சோறு, சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ரசம், தயிர். மாலையில் டீயும் பிஸ்கட்டும். இரவு மூன்று தோசை. வயிறு நிறைந்துவிடும். நார்ச்சத்து மட்டும் அந்த அளவை எட்டுவது கஷ்டம். வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பதே 3 கிராமுக்குச் சற்றுக் குறைவுதான். மைதாவும் அதே அளவுதான், ஆகவே இரவில் தோசைக்குப் பதில் புரோட்டா என்றாலும் நிலைமை மாறாது.

இந்த மண்ணில் முன்பு சாப்பாடு இப்படி இருந்ததில்லை. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொண்டுவரும்வரை, காவிரியும் பவானியும் காளிங்கராயன் வாய்க்காலும் எட்டாத மேட்டுக்காடுகளில் விளைந்தது கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும்தான். கம்மஞ்சோறும் சோளச்சோறும் களியும் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு நோம்பி நாளில். வாய்க்கால் தண்ணீர் வந்தது, நெல்லும் கரும்பும் மஞ்சளும் வந்தன, பஞ்சம் போனது. அந்தத் தண்ணீரால் நிமிர்ந்த குடும்பங்கள் இன்றும் அதை நன்றியோடுதான் சொல்கின்றன, சொல்லவும் வேண்டும். பிறகு பாலிஷ் போடும் அரிசி ஆலைகள் பெருகின. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமானது. பசி தீர்ந்தது. அந்த நல்ல மாற்றத்தின் போக்கில், தானியத்தோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த தவிடும் பயற்றுத்தோலும் தட்டிலிருந்து ஓசையில்லாமல் போய்விட்டன. கம்பு, ராகி, சோளம் மூன்றிலும் 100 கிராமுக்கு 10 முதல் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. அரிசியைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு.

அப்படியானால் அரிசியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். முடியவும் முடியாது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கைக்குத்தல் அரிசிக்கு மாறட்டுமா என்றுதான். மாறினால் நல்லது, ஆனால் அதிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு நாலரை கிராம் போல நார்ச்சத்து இருக்கிறது. விலையைக் கூடக் கொடுத்து வாங்கி, வேகவில்லை என்று பிள்ளைகள் ஒதுக்கி, கடைசியில் கிடைக்கும் கூடுதல் ஒன்றரை கிராம். அந்தப் பணத்தில் ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ அவரைக்காயும் வாங்கினால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். எந்த அரிசி என்பதைவிட எவ்வளவு அரிசி என்பதே முக்கியம். மதியத் தட்டில் சோற்றைப் பாதியாக நிறுத்துங்கள். மீதிப் பாதியில் பயறும் காயும் கீரையும் உட்காரட்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

பயறு என்றதும் கொங்கு நாட்டில் முதலில் வருவது கொள்ளு. சளிக்கும் உடம்பு இளைக்கவும் என்று இப்போது கொள்ளு சூப், கொள்ளு ரசம் எல்லாம் குடிக்கிறார்கள். எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டால், கொள்ளை வேகவைத்து, தண்ணீரை வடித்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைத்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கோ குப்பைக்கோ போட்டுவிடுகிறார்கள். நார்ச்சத்து முக்கால்வாசி அந்தக் கொள்ளோடு போய்விடுகிறது. அம்மாயிகள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். வடித்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளை வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி விதை சேர்த்து ஆட்டுக்கல்லில் ஒன்றிரண்டாக ஆட்டிய கொள்ளுப் பருப்பு. சூடான சோற்றில் அதை ஒரு உருண்டை வைத்து நல்லெண்ணெய் ஊற்றினால், அதற்குப் பிறகு சோறு தானாகவே குறையும். மிக்ஸியில் செய்பவர்கள் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். முந்தின இரவே ஊறவையுங்கள், இல்லாவிட்டால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் தோல் முரண்டு பிடிக்கும்.

பச்சைப்பயறு கடைசல் இன்னும் சுலபம். முழுப் பச்சைப்பயறில் 100 கிராமுக்கு 17 கிராம் நார்ச்சத்து. தோல் நீக்கிய துவரம்பருப்பில் 9 கிராம்தான். வாரத்தில் மூன்று நாள் சாம்பாருக்குப் பதில் பயறு கடையுங்கள். அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற நாளில், வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுகிற வீட்டில், இரண்டுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கூடவே ஒரு கைப்பிடி தட்டைப்பயறோ அவரைக்கொட்டையோ சேர்த்தால் சுவை கூடுமே தவிர குறையாது. மாலை டீயோடு வருகிற பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். உலர்ந்த கடலையாக 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி போட்டால் 7 கிராம் நார்ச்சத்து அங்கேயே வந்துவிடும். ஒரு நாள் தேவையில் கால் பங்கு அது.

களிக்கு வருவோம். இதில்தான் பெரிய குழப்பம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ராகி நல்லது என்று யாரோ சொல்ல, காலையில் ராகிக் கஞ்சியோ, ராகி மால்ட் என்று டப்பாவில் வருவதையோ கரைத்துக் குடிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதித்தால் சர்க்கரை எகிறியிருக்கும். "ராகிதானுங்க குடிச்சேன், எப்படி ஏறுச்சு?" என்று திகைத்துப்போய்க் கேட்பார்கள். நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சினால், மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் மாவுச்சத்து மடமடவென்று ரத்தத்தில் கலந்துவிடும். நார்ச்சத்து அதிலும் இருக்கிறது, ஆனால் அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்த அது போதாது. டப்பா மால்ட்டில் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். துணியில் வடிகட்டிய ராகிப் பாலில் நார்ச்சத்து துணியிலேயே தங்கிவிடும். ஆறு மாதக் கைக்குழந்தைக்கு அப்படி வடிகட்டிக் கொடுப்பது சரிதான். குழந்தையின் சிறு வயிற்றை நார் அடைத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பது வயதுக்காரருக்கு எதற்கு வடிகட்டல்?

ராகியைக் களியாகச் சாப்பிடுங்கள். சலிக்காத மாவு, கெட்டியாகக் கிண்டியது, ஒரு உருண்டை போதும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ கருவாட்டுக் குழம்போ கட்டாயம். களியை மட்டும் இரண்டு மூன்று உருண்டை சாப்பிட்டால் ராகியானாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கம்பும் அப்படியே. பொடி செய்த கூழைவிட, ஒன்றிரண்டாக உடைத்துப் பொங்கிய கம்மஞ்சோறு மேல்.

சாமை, வரகு, தினை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, எந்த டிபார்ட்மென்ட் ஸ்டோரிலும் இவை கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பாக்கெட்டில் முத்துப்போல் வெளுத்து, ஒரே சீராக மின்னுவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தவிடு முழுக்க உரிந்து, அதுவும் வெள்ளை அரிசிபோலவே ஆகியிருக்கும். கொஞ்சம் மங்கலான பழுப்போடு, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகத் தவிட்டுத்தூள் ஒட்ட வேண்டும். அப்படிப்பட்டது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குங்கள். புஞ்சைப் புளியம்பட்டி, அந்தியூர் பக்கம் போகிறவர்கள், பர்கூர், தாளவாடி மலையில் விளைந்த ராகி கிடைத்தால் தானியமாகவே வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளலாம்.

பாக்கெட் உணவில் மல்டிகிரெய்ன், ஃபைபர், மில்லட் என்று முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார்ச்சத்து இருந்தால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி நார்ச்சத்து மிகுந்தது என்று போட முடியும். மூலப்பொருள் வரிசையில் முதலில் மைதா என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், ஜூஸாக்காதீர்கள். நடுத்தரக் கொய்யா ஒன்றில் 8 கிராம் வரை நார்ச்சத்து இருக்கிறது. வெந்து கெட்டுப்போகிற பொருளல்ல நார்ச்சத்து; கீரையை வேகவைத்தாலும் அது எங்கும் போகாது. அதனால் பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அரசாணிக்காய்ப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, முருங்கைக்கீரை எல்லாம் சமைத்தே சாப்பிடுங்கள். ஒரு கரண்டி என்பதை ஒரு கிண்ணம் என்று மாற்றினால் போதும்.

தறிப்பட்டறைகளிலும் சாயப்பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு ஷிப்டில் பசிக்கு டீ, பன், வர்க்கி. தறி ஓடும்போது இடத்தைவிட்டு நகர முடியாது, வந்ததை அடக்கிக்கொள்கிறார்கள். வெக்கையில் வேர்த்துக் கொட்டுகிறது, தண்ணீரும் குடிப்பதில்லை. அடக்க அடக்க மலம் குடலிலேயே காய்ந்து கல்லாகும், பிறகு எந்தக் கீரையும் உடனே உதவாது. வேலைக்குப் போகும்போது டிபன் பாக்ஸில் வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ, இரண்டு கொய்யாவோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வயிறு கூப்பிட்டால் பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். பட்டறை முதலாளிகள் இதற்கு முகம் சுளிக்கக் கூடாது. இது உடம்பு விஷயம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் காலடியில் ஒரு சிறு ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தி உட்காருங்கள், அதிகம் முக்க வேண்டியிராது.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கிவிடாதீர்கள். 15 கிராமில் இருந்தவர் ஒரே நாளில் 30-க்குத் தாவினால் வயிறு ஊதி, வாயு பிரிந்து, "இதெல்லாம் எனக்கு ஒத்துக்காதுங்க" என்று விட்டுவிடுவார். குடல் நுண்ணுயிர்களுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். முதல் வாரம் மாலைச் சுண்டல் மட்டும். அடுத்த வாரம் மதியத் தட்டு. அதற்கடுத்து இரவுக் களி. தண்ணீர் கூடவே ஏற வேண்டும். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் அதிகமாகும். பயறை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இன்னொரு உதவியும் செய்யும்: தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும், அது குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் சுண்டலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பாட்டோடு டீ குடிப்பதைத் தள்ளிவையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகுகிறது என்று கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை இருக்கட்டும், காயும் பழமும் தண்ணீரும் கூடட்டும்.

உணவிலேயே முடியாதவர்களுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி உண்டு. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். பொடியை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பது ஆபத்து, தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிற வயதானவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இசப்கோலுக்கும் இடையில் சில மணி நேரம் விடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சிலர் தாங்களாக நார்ச்சத்தைக் கூட்டக் கூடாது. குடலில் சுருக்கமோ அடைப்போ இருப்பவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், குடல் அழற்சி கிளம்பியிருக்கும் நேரத்தில் இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம் சேரக்கூடும். அவர்களுக்கான அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ரத்தம். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்து சுவரொட்டி முகவரியைத் தேடிப் போகாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். ரத்தத்தோடு எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, சில நாள் கட்டிக்கொண்டும் சில நாள் பேதியாகவும் மாறி மாறி வருகிறது, 45 வயதுக்கு மேல் வெளிக்குப் போகும் வழக்கமே மாறிவிட்டது என்றால், களியையும் கொள்ளையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஈரோடு அரசு தலைமை மருத்துவமனைக்கோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தனியே வருகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா, எத்தனை நாளாக வருகிறது, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த நாலு பதிலும் வேண்டும்.